பதினேழாம் தகவலாளர்

சீனியம்மாள் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. அது அங்கயற்கண்ணி ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பல்கலைக்கழகச் சான்றகத்தின் ஏ.சி. அறையில், சுவரில் பதித்திருந்த ஒலிபெருக்கி வழியாகச் சீனியம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கியபோது அவள் கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கினாள்.

"யாரு, கயலா? வா தாயி. சாப்ட்டியா?"

சான்றக அலுவலர் லூர்துசாமி முகமெல்லாம் பல்லாக நின்றார். பிள்ளை மார்க் வாங்கி வந்ததைக் காட்டும் தகப்பனுக்குரிய பெருமை அவரிடம் இருந்தது.

"எப்படி மேடம்? அசந்துட்டீங்கள்ல? துறைத்தலைவர் பதவிக்கு உங்க பேரு போயிருக்காம்ல. அதுக்கு நம்ம தரப்புல ஒரு பரிசுன்னு வெச்சுக்கங்க."

"இது... எப்படிப் பேசுது?"

"புத்தகம் எழுதினவங்களுக்கு மூணு வருஷமா குரல் எடுத்துக்கிட்டுத்தான இருக்கோம்? அதே முறைதான். ஒருத்தர் சொன்னது, எழுதினது, அவரைப் பத்தி மத்தவங்க எழுதினது எல்லாத்தையும் ஊட்டினா, அந்த ஆள் மாதிரியே யோசிச்சுப் பேசுற குரல் ஒண்ணு வந்துரும். அப்புறம் எந்த ஆய்வேட்டுல அவரை மேற்கோள் காட்டினாலும், அடிக்குறிப்பை அந்தக் குரல்கிட்டயே படிச்சுக் காட்டி, 'இதை நீங்க சொன்னீங்களா?'ன்னு கேட்டுருவோம். ஆமான்னா பச்சை விளக்கு. இல்லேன்னா சிவப்பு. அத்தோட முடிஞ்சுது."

இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எந்திரங்கள் எழுதிக் கொடுத்த ஆய்வேடுகளில் இல்லாத ஆசிரியர்கள் எழுதாத நூல்களின் பக்க எண்கள் வரை கொட்டிக் கிடந்து, பட்டமளிப்பு விழா நடத்தவே வெட்கப்படும் நிலைக்குப் பல்கலைக்கழகங்கள் வந்துவிட்டிருந்தன. அப்போது வந்ததுதான் சான்றகம். வந்த பிறகு ஒரு பொய் மேற்கோள்கூடத் தப்பவில்லை என்று அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். அங்கயற்கண்ணியும் அதற்கு ஆதரவாக ஒரு கட்டுரை எழுதிக் கைதட்டல் வாங்கியவள்தான்.

"இந்த வருஷம் தகவலாளர்களுக்கும் குரல் எடுக்கலாம்னு உத்தரவு வந்துச்சு மேடம். கள ஆய்வுல பேசின, எழுதப் படிக்கத் தெரியாத சனங்களுக்கு. முதல் குரல் உங்க பதினேழாம் தகவலாளருக்கு. ஏன் தெரியுமா? அறுநூத்தி நாப்பத்தோரு கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்காங்க. இந்தப் பல்கலைக்கழகத்துல அத்தனை மேற்கோள் யாருக்கும் கிடையாது, துணைவேந்தர் உள்பட."

"குரல் எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க? பதினேழுன்னு எண் போட்டு நீங்கதான நூலகத்துல ஒலிப்பதிவை ஒப்படைச்சீங்க."

ஆமாம், பெயரும் உறவும் வந்த இடங்களை வெட்டிவிட்டு ஒப்படைத்தாள். ஒலிபெருக்கியில் இருந்து வந்தது அந்தப் பதிவில் பாடிய சுப்புத்தாயின் குரல். இருபது வருடங்களுக்கு முந்தைய, நாற்பத்தோரு வயதுச் சுப்புத்தாய்.

அப்போது அங்கயற்கண்ணிக்கு இருபத்தேழு வயது. கரிசல் காட்டு ஒப்பாரிகளைப் பற்றி ஆய்வு. கையில் ஒரு பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவளைச் சுப்புத்தாய்தான் வீட்டுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பாடினாள். அந்தப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, பட்டாசு ஆபீஸ்தான். சுப்புத்தாயின் மகள் செல்லக்கனி, பதினைந்து வயது, முழுப்பரீட்சை லீவில் பட்டாசு ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போனவள் திரும்பி வரவில்லை. அன்று ஆபீஸில் மருந்து கலக்கும் அறை வெடித்துப் பதினோரு பேர் இறந்ததாகப் பேப்பரில் வந்தது. பதிவேட்டில் இல்லாத பிள்ளையின் பெயர் அதில் வரவில்லை. ஏஜென்ட் ஒருவன் வந்து, பிள்ளை எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று எழுதிய தாளில் சுப்புத்தாயின் புருஷனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். ஊரும் அதையே நம்பியது, அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டது.

காலையில ஏத்துன பஸ்ஸு கடைசிவரை எறக்கலயே என்று சுப்புத்தாய் பாடினாள். பாடி முடித்துவிட்டு, "எம் பேரைப் போட்றாத தாயி. மகன் இன்னும் அங்கதான் வேலை பாக்கான்" என்றாள். அங்கயற்கண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

சத்தியம் செய்வது லேசு, தகவலாளர் பட்டியல் நிரப்புவதுதான் கஷ்டம். பெயர், வயது, தொழில், ஊர், சந்தித்த நாள் என்று ஐந்து கட்டம். நெறியாளர் ஞானப்பிரகாசம் கண்டிப்பான மனிதர். "பெயர் சொல்ல விரும்பாதவர்னு போட இது என்ன பத்திரிகையா? ஒரு கட்டம் காலியா இருந்தாலும் தேர்வுப் பிரிவுல திருப்பி விட்ருவான்" என்று சொல்லிவிட்டார். ஆய்வேடு ஒப்படைக்கக் கடைசி நாள். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, ஓரம் விட்டு, வரி பிரித்து, துணைநூற்பட்டியலை அகர வரிசைப்படுத்தித் தரும் டைப்பிங் கடையில் அவள் உட்கார்ந்திருந்தாள். "மேடம், பதினேழுல பேரு விட்டுப்போயிருக்கு" என்றார் கடைக்காரர். பக்கத்து டீக்கடையில் யாரோ சீனி கம்மியாக ஒரு டீ கேட்டார்கள். சீனியம்மாள் என்று சொன்னாள். வயது ஐம்பத்திரண்டு. விவசாயக் கூலி. ஊர், கீழச்செவக்காடு. அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாதே என்று, மகள் என்று வந்த இடத்தையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று மாற்றச் சொன்னாள். பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடம்தான் இருபது வருடமாக வளர்ந்தது. பெற்றவள் மகளுக்கு அழுதால் அதில் என்ன ஆய்வு இருக்கிறது? சீனியம்மாள் அடுத்தவள் பிள்ளைக்கு அல்லவா அழுதாள்! அது பேராசிரியர்களுக்குப் பிடித்துப்போனது. பிறர் பிள்ளைக்கு அழும் தாய்மை என்று ஒரு கோட்பாடே கிளம்பியது. கருத்தரங்கு நடந்தது, பாடநூலில் வந்தது. ஒரு புண்ணியவான் கீழச்செவக்காட்டுக்கே போய்ச் சீனியம்மாள் வீட்டைப் பார்த்ததாகவும், வாசலில் வேப்பமரம் நின்றதாகவும், அவள் மோர் கொடுத்ததாகவும் எழுதினார். அதைப் படித்த அன்று அங்கயற்கண்ணி சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது.

வியாழக்கிழமை மதியம் சுப்புத்தாய் துறைக்கே வந்து நின்றாள்.

தலை முழுக்க நரைத்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்களை வைத்து மார்போடு பிடித்திருந்தாள். அங்கயற்கண்ணிக்கு முதலில் ஆள் தெரியவில்லை. பழையபடி பெயரைச் சுருக்கி "கயலு" என்று கூப்பிட்டதும் தெரிந்துவிட்டது.

"உக்காருங்கக்கா. என்னக்கா, இவ்வளவு தூரம்?"

"ஒன்னைய விட்டா எனக்கு யாரைத் தெரியும்? எங்க வீட்டுக்காரவுக போய்ச் சேந்துட்டாக. மகன் திருப்பூர்ல இருக்கான். அந்த ஏஜென்ட்டும் செத்தான். இனி யாருக்குப் பயப்படணும்? கவர்மெண்டுல ஆணையம் போட்ருக்காகள்ல, அந்த வெடிவிபத்துக்கு. செத்தவுக பேரையெல்லாம் கல்லுல வெட்டப் போறாகளாம். நான் போயி, பன்னெண்டாவது எம் மக, செல்லக்கனின்னு எழுதிக் குடுத்தேன். இதை அனுப்பிருக்காக. எங்கூர் வாத்தியாரு படிச்சுட்டு, திருட்டுன்னு போட்ருக்குன்னாரு. என்ன திருட்டு தாயி?"

அங்கயற்கண்ணி தாளை வாங்கிப் படித்தாள். ஆணையம் எல்லா வாக்குமூலங்களையும் சான்றகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்திருக்கிறது. சுப்புத்தாயின் வாக்குமூலம், சீனியம்மாள் என்ற தகவலாளரின் முந்தைய வாய்மொழியோடு நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு ஒத்துப்போகிறது. மூலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று இருக்கும் இடங்களில் என் மகள் என்று திருத்தப்பட்டிருக்கிறது. எடுத்த இடம் குறிப்பிடப்படவில்லை. ஆகவே கருத்துத் திருட்டு என்று நிராகரிக்கப்படுகிறது.

"யாரு தாயி அந்தச் சீனியம்மா?" என்றாள் சுப்புத்தாய். "எம் பிள்ளை போனதும் நான் அழுததும் அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

அங்கயற்கண்ணி தாளை மடித்து உறைக்குள் திரும்ப வைத்தாள். நான் பாத்துக்கிறேன்க்கா, திங்கக்கிழமை வாங்க என்று மட்டும் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, தான் எவ்வளவு பெரிய கோழை என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. துறைத்தலைவர் பதவி ஞாபகத்துக்கு வந்தது வேறு. அதற்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

மறுநாள் மதியம், லூர்துசாமி சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சான்றக அறைக்குள் தனியாகப் போனாள். வெளியே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்டது. நல்ல வெயில்.

"வா கயலு" என்றது குரல். "நின்னுக்கிட்டே இருக்க. உக்காரு."

அறையில் காமிரா கிடையாது என்று லூர்துசாமி முன்பே சொல்லியிருந்தார். அங்கயற்கண்ணி நின்றுகொண்டுதான் இருந்தாள். மெல்ல உட்கார்ந்தாள்.

"சீனியம்மா, உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"எனக்கேது தாயி? நான் பாடுனதெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. பிறர் பிள்ளைக்கு அழும்போதுதான் ஒரு பெண் ஊருக்கே தாயாகிறாள்."

கடைசி வாக்கியம் ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் வந்தது. எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியும். அது இப்போது சுப்புத்தாயின் தொண்டையில் இருந்து வந்தது.

"அந்தப் பிள்ளையோட அம்மா யாரு?"

குரல் யோசித்தது. யோசிக்கும்போது மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்டது.

"அவளைப் பத்தி யாரும் எழுதலியே. எங்க வாசல்ல வேப்பமரம் நிக்கி. அதுக்கு அங்கிட்டு அவ வீடு. கதவு இருக்கு. போய்த் தட்டிப் பாத்தேன், உள்ள ஆள் இல்ல. பிள்ளை மட்டும் தினமும் அந்த வீட்டுல இருந்து கிளம்பி பஸ்ஸுக்குப் போகுது. யாரு பெத்த பிள்ளைன்னு தெரியல."

"நான் உங்களை..." அங்கயற்கண்ணி மறுபடி தொடங்கினாள். "நான்தான் உங்க பேரை எழுதினேன். தப்பா எழுதிட்டேன்."

"அழிக்க வந்திருக்கியா?" குரலில் கோபம் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்ட அதே தொனிதான். "அறுநூத்தி நாப்பத்தோரு பேரு என்னையப் பாத்துருக்காக கயலு. மோரு குடிச்சிருக்காக. ஒன்னைய எத்தனை பேரு பாத்துருக்காக?"

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். வராந்தாவில் நின்று, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

லூர்துசாமி சாப்பிட்டு வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். பதவி போனால் போகிறது, பட்டமும் போகட்டும், எழுதித் தருகிறேன் என்றாள். அவர் பல்லிடுக்கில் இருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டு, அறைக்கதவைச் சாத்தினார்.

"மேடம், விளையாடாதீங்க."

"நான் ஏன் விளையாடணும்? தகவலாளர் பதினேழு பொய். பேரு, ஊரு எல்லாம் நான் வெச்சது. பாடினது சுப்புத்தாய். செத்தது அவங்க மக. பதிவு பண்ணுங்க."

"பதிவு பண்றேன். மூலம் யாருன்னு போட?"

"நான்தான். எழுதினவ நானே சொல்றேன்ல?"

அவர் தட்டச்சு செய்தார். திரை சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில், "நான் இல்லேன்னா சொல்லுதா? பாவம், பிள்ளைக்கு மனசு சரியில்ல போல" என்று சீனியம்மாள் சொல்வது கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா? உங்களை மேற்கோள் காட்டினது மொத்தமே நாப்பத்தேழு பேரு. அதுல பாதிக்கு மேல சீனியம்மாளைச் சொல்லப்போய் உங்களையும் சேத்துச் சொன்னது. அவங்க வார்த்தைக்கு எதிரா உங்க வார்த்தை செல்லாது. அவங்க இருக்காங்கறதுக்கு அறுநூத்தி நாப்பத்தோரு ஆதாரம் இருக்கு. இல்லைங்கறதுக்கு நீங்க ஒருத்தர்தான்."

"நான் ஆணையத்துக்கே நேர்ல போய்ச் சொல்றேன்."

லூர்துசாமி நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது.

"சொல்லாதீங்க மேடம். அந்த ஆணையத்தை எதை வெச்சுப் போட்டாங்கன்னு நினைக்கிறீங்க? பதிவேட்டுல இல்லாத பிள்ளைங்க அந்த ஆபீஸ்ல வேலை பாத்துச்சுன்னு சொன்ன ஒரே ஆளு சீனியம்மாள். பாடநூல்ல வந்துச்சு, அதைப் படிச்சவங்க போராடினாங்க, ஆணையம் வந்துச்சு. அவங்க பொய்யின்னு நீங்க நிரூபிச்சீங்கன்னா, முதலாளியோட வக்கீல் அன்னைக்கே எல்லாத்தையும் மூட வெச்சுருவாரு. கல்லும் இல்ல, பேரும் இல்ல. அந்தப் பதினோரு பேரும் போச்சு. சிவப்பு எரிஞ்சது நல்லதுக்குன்னு நினைச்சுக்கங்க."

அங்கயற்கண்ணி அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே, அப்பாடா என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் ஆசுவாசமும் எழுந்தது. அந்த ஆசுவாசத்தை அவள் பிற்பாடு தனக்கு மன்னிக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை, சுப்புத்தாயை வேப்பமரம் இல்லாத, சிமெண்ட் பெஞ்சு மட்டும் கிடந்த துறை வளாகத்தில் உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை சுப்புத்தாய் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரைப் போடாதன்னு நாந்தான சொன்னேன். அது ஒந் தப்பில்ல" என்றாள் கடைசியில். பிறகு தலையைத் தூக்கினாள். "பிள்ளையை ஏன் தாயி மாத்துன?"

"அடையாளம் தெரிஞ்சிரும்னு பயந்தேன்க்கா."

"ம்."

சுப்புத்தாய் பெஞ்சில் இருந்து எழுந்தாள்.

"அந்தப் பொம்பளகிட்ட நான் பேசணும்" என்றாள் சுப்புத்தாய்.

லூர்துசாமிக்கு இது பிடிக்கவில்லை. விதியில் இடம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். சுப்புத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒலிபெருக்கியைப் பார்த்து நின்றாள்.

"ஏத்தா, நீதான் சீனியம்மாவா?"

"ஆமா. நீ யாரு தாயி, எங் குரல்ல பேசுத?"

சுப்புத்தாய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அங்கயற்கண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருபது வயது குறைந்த தன் குரலைத் தானே கேட்பது எப்படி இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் சுப்புத்தாய் சுதாரித்துக்கொண்டாள்.

"எங் குரலு இல்லத்தா அது? எம் பிள்ளைக்கு நான் அழுத அழுகையை நீ வெச்சுக்கிட்டு இருக்க. குடுத்துரு."

"ஒம் பிள்ளையா? யாரு, பஸ்ஸுக்குப் போகுதே, அதா?" குரல் தயங்கியது. "அது பேரு என்னத்தா? யாரும் எனக்குச் சொல்லல."

"செல்லக்கனி."

"செல்லக்கனி" என்று குரல் திருப்பிச் சொன்னது. இரண்டு தடவை சொன்னது. இருவர் சொன்னதில் எது சுப்புத்தாய், எது சீனியம்மாள் என்று அங்கயற்கண்ணிக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் தடவை சொன்னது சுப்புத்தாய்தானா என்று அவள் உதட்டைப் பார்த்தாள். உதடு மூடியிருந்தது.

திரையில் எழுத்து ஓடி நின்றது. லூர்துசாமி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"மூலம் நேரில் வந்துள்ளது. குரல் ஒப்பீடு நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது." அவர் திரும்பினார். "மேடம், இது இவங்களைத்தான் சீனியம்மாள்ங்குது."

"அவங்க சுப்புத்தாய்."

"சுப்புத்தாய்ங்கற பேருல ஒரு மூலமும் கிடையாதே. இருக்குற ஒரே பேரு அதுதான்." அவர் தாடையைச் சொறிந்தார். அவருக்கு ஏதோ உறைத்தது தெரிந்தது. "ஆனா மேடம், விதி பதினொண்ணுல ஒண்ணு இருக்கு. அடுத்தவங்க சொன்னதை யாரும் திருத்தக் கூடாது. மூலம் உயிரோட இருந்தா, தான் சொன்னதைத் தானே திருத்திக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னு சொன்னது பயத்துல, உண்மையில அது எம் மகதான்னு சீனியம்மாளே சொன்னா, அடுத்த நிமிஷம் பச்சை. ஆணையமும் நிலைச்சு நிக்கும். பன்னெண்டாவது பேரும் ஏறும்."

"அவங்க சீனியம்மாள் இல்ல சார்!" அங்கயற்கண்ணி கத்திவிட்டாள்.

"அதை நிரூபிக்கத்தான முடியல?"

சுப்புத்தாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனால் ஏஜென்ட் நீட்டிய தாளையும் பார்த்தவள். எந்தத் தாள் எதைக் கொடுத்து எதை எடுக்கும் என்று அவளுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது.

"நான் அவதான்னு சொல்லிட்டா, பெறகு சுப்புத்தாய்னு சொல்ல முடியாதா?"

"இந்த விசயத்துல முடியாதும்மா. சொன்னா மறுபடி பழைய மாதிரி திருட்டுன்னு வரும். பேரு கல்லுல இருந்தா, அதையும் எடுத்துருவாங்க. அப்புறம் இன்னொண்ணு. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு ஆயிட்டா இந்தக் குரலை மூடிருவோம். மேற்கோள் காட்டுறவங்க எல்லாரும் இனி உங்க போனுக்குத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீங்கதான் பதில் சொல்லணும். வேப்பமரம், மோரு, எல்லாத்துக்கும்."

"பிள்ளை பேரு மாறாதுல்ல?"

"மாறாதும்மா. செல்லக்கனிதான்."

"அப்ப எம் பேரு என்னவா இருந்தா என்ன?"

அங்கயற்கண்ணி வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தாள். எதைக் காட்டி வேண்டாம் என்பது? அவளிடம் வேறு வழி ஒன்றுகூட இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

நான் சீனியம்மாள் என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார் லூர்துசாமி. முதல் தடவை சுப்புத்தாய் பெயரைப் பாதியில் விட்டாள். மூன்றாம் தடவை சாதாரணமாகச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெருமூச்சு கேட்டு அடங்கியது. அதன் பிறகு சீனியம்மாள் அந்த அறையில் பேசவே இல்லை.

முதல் மாதம் அங்கயற்கண்ணிதான் சுப்புத்தாய்க்குச் சொல்லிக்கொடுத்தாள். அறுநூற்று நாற்பத்தோரு கட்டுரைகளையும் சுருக்கி, எந்த வீட்டில் இருந்தாள், எந்த வருடம் மோர் கொடுத்தாள் என்று போனில் வாசித்துக் காட்டுவாள். சுப்புத்தாய் ஒரு தடவை கேட்டால் மறக்க மாட்டாள். இரண்டாம் மாதத்தில் இருந்து அவளே அங்கயற்கண்ணிக்கு எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். எந்தக் கட்டுரையிலும் இல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். வேப்பமரத்தில் எந்தக் கிளையில் ஊஞ்சல் கட்டியிருந்தது, கீழச்செவக்காட்டுக் கிணற்றில் எத்தனை படி என்றெல்லாம். "இது யாரு எழுதினதுக்கா?" என்று கேட்டதற்கு, "எழுதணுமா? நான் இருந்த வீடு எனக்குத் தெரியாதா?" என்றாள். அன்றைக்குப் பிறகு அங்கயற்கண்ணி போன் செய்வதைக் குறைத்துக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லைத் திறந்தார்கள். பட்டாசு ஆபீஸ் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், நாற்கர சாலை ஓரமாக. துறைத்தலைவர் என்ற முறையில் அங்கயற்கண்ணிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். கலெக்டர் பேசினார். பிறகு ஒவ்வொரு குடும்பமாக மைக்கில் கூப்பிட்டார்கள்.

"சீனியம்மாள், கீழச்செவக்காடு."

கூட்டத்தில் இருந்து ஒருத்தி எழுந்து, கொஞ்சமும் தயங்காமல் நடந்து வந்தாள். தன் சொந்த ஊரில் இருந்து யாரையும் அவள் கூட்டி வரவில்லை. அங்கே செல்லக்கனி இன்றைக்கும் ஓடிப்போனவள்தான். அதை இனி எவராலும் திருத்த முடியாது என்பதும், திருத்தப் போனால் கல்லில் இருப்பது போய்விடும் என்பதும் அங்கயற்கண்ணிக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்து, ஷாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதும், மைக்கில் கூப்பிட்டு வந்தவள் கல்லுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவது பெயரின் மேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தாள். செல்லக்கனி, வயது பதினைந்து, தாய் சீனியம்மாள். அங்கயற்கண்ணிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், நாலு மாதமாகக் கூப்பிடாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சுப்புத்தாயக்கா."

அவள் திரும்பவில்லை. தடவிய விரல் மட்டும் நின்றது.

"மெதுவாச் சொல்லு தாயி" என்றாள். "நீ கூப்ட்டவளுக்குப் பிள்ளை கிடையாது. யாரு காதுலயாவது விழுந்துச்சுன்னா, இதையும் அழிச்சிருவாக."